தோட்டத்துக்கு ஒரு சங்கம்

(பாலவனத்தத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலவனத்தத்தில் நின்றுகொண்டு ‘சங்கம்’ என்ற சொல்லை உச்சரிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த ஊரின் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவர்தான் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். தமிழுக்கு ஆர்வலர்கள் அப்போதும் பலர் இருந்தார்கள். ஆர்வம் நிலைத்து நிற்க உறுப்பினர்களும் விதிகளும் பொறுப்புகளும் வேண்டும் என்று அவர் எண்ணினார். நான் இன்று பேச வந்திருப்பது பள்ளித் தோட்டத்தைப் பற்றி. அதற்கும் நம்மிடம் ஆர்வம் இருக்கிறது, சங்கம்தான் இல்லை.

பள்ளித் தோட்டங்களின் வழக்கமான வரலாறு உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாத்தி கட்டுவோம். ஜூலையில் நாற்று நடுவோம், படம் எடுப்போம். காலாண்டு விடுமுறையில் பாதி வாடிவிடும். அரையாண்டு விடுமுறையில் ஆடு மேய்ந்துவிடும். கோடை விடுமுறை முடிந்து வரும்போது வேலிக்கம்பு மட்டும் நிற்கும். ‘வறண்ட பூமி, என்ன செய்வது?’ என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் இதே ஊரில், இதே வெயிலில், இதே ஆடுகளுக்கு நடுவில் கிணற்றடித் தோட்டங்கள் பச்சையாகத்தானே இருக்கின்றன? அங்கே, ‘இன்றைக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது?’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. நம் தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

நம்மைப் போன்ற ஆசிரியர்கள் ஜெர்மனி நாட்டில் லைப்சிக் நகரத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். அங்கே 1864-இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைவர் பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். காலஞ்சென்ற ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. தொழிற்சாலை நகரத்துப் பிள்ளைகளுக்காக 1865-இல் ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். சில ஆண்டுகளில் கெசல் என்ற ஆசிரியர் அந்தத் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சிறு சிறு பாத்திகள் அமைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் கொஞ்ச நாள் ஆசையாக வேலை செய்தார்கள், பிறகு சலித்துப்போனது, களை மண்டியது. இதுவரை நம் கதைதான். அதன் பிறகு பெற்றோர் மண்வெட்டியோடு வந்தார்கள். பிள்ளைகளின் பாத்திகள் குடும்பப் பாத்திகளாக மாறின. வேலி போட்டார்கள், விதிகள் எழுதினார்கள், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் குடும்பத் தோட்டங்கள் சங்கங்களாக இயங்குகின்றன. அவற்றைப் பலர் ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்றே அழைக்கிறார்கள்.

பிரிட்டனிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஊர் மக்கள் கேட்டால் உள்ளாட்சி அமைப்பு சிறு துண்டு நிலங்களை வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கமான துண்டு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஆறு சென்ட். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு. பாதை, தண்ணீர்க் குழாய், வேலி எல்லாருக்கும் பொது. பக்கத்துத் துண்டுக்காரர் ஊருக்குப் போனால் இவர் தண்ணீர் ஊற்றுவார்; இவர் போனால் அவர். பனிக்காலத்தில் விதையை மாற்றிக்கொள்வார்கள். கோடை முடிவில் விளைந்ததைக் காட்சிக்கு வைப்பார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் வியப்படைய மாட்டார்கள். ‘இது நம்ம கண்மாய்க் கணக்குத்தானே?’ என்பார்கள். உண்மைதான். கண்மாய் பொது, ஆயக்கட்டு நிலம் தனித்தனி. மழைக்கு முன்னால் கரையையும் வரத்துக்காலையும் சீர்செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் வருவது குடிமராமத்து. தண்ணீர் குறையும்போது வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மடையைத் திறந்து மூடுவதற்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. பங்கு, முறை, பொறுப்பு மூன்றும் இருந்ததால் கண்மாய் பிழைத்தது. அவை தளர்ந்த இடத்தில் வரத்துக்கால் அடைந்து சீமைக்கருவேலம் ஏறியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல கண்மாய்களில் மடையில் இறங்கும் வேலை ஒரு சாதியாருக்கும், தீர்ப்புச் சொல்லும் உரிமை வேறொரு சாதியாருக்கும் என்று இருந்தது. கண்மாயிலிருந்து பங்கையும் முறையையும் பள்ளிக்குக் கொண்டுவருவோம். அந்த மேல் கீழை வாசலுக்கு வெளியே விட்டுவிடுவோம்.

இனி, செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். நான் பணியாற்றும் நடுநிலைப் பள்ளியில் நாங்கள் கடைப்பிடிக்கும் விதிகள் ஒரு தாளில் அடங்கிவிடும்.

முதல் விதி, பாத்தி குழுவுக்கு உரியது. மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஆறு பாத்திகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் எட்டு பிள்ளைகள். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் சிறிய வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். குழுவைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்கிறோம். பிள்ளைகளே சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். ஊர்ப் பிரிவினை பாத்தியிலும் வரப்பு கட்டிவிடும்.

இரண்டாம் விதி, வேலை சுற்றி வரும். தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது, எருக்குழியைப் பார்ப்பது, பதிவேடு எழுதுவது என நான்கு வேலைகள். வாரத்துக்கு ஒருமுறை மாறும். உங்கள் பள்ளித் தோட்டத்தை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். குடம் யார் இடுப்பில் இருக்கிறது? துடைப்பம் யார் கையில் இருக்கிறது? பேனா யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடம் குடமும், ஆண் பிள்ளைகளிடம் பேனாவும் இருக்கும். சில பிள்ளைகளிடம் எப்போதும் துடைப்பமே இருக்கும். பட்டியல் ஒட்டிச் சுற்றவிட்டால்தான் இது மாறும். குழந்தையை நாம் அறியாமலே ஒரு வேலைக்குப் பழக்கிவிடுகிற இடமும் தோட்டம்தான். அந்தப் பழக்கத்தை உடைக்கக்கூடிய இடமும் அதுதான்.

மூன்றாம் விதி, விளைச்சலில் பங்கு உண்டு. முதல் பறிப்பு சத்துணவுக் கூடத்துக்கு. அடுத்த பறிப்பு அந்தப் பாத்திக் குழுவின் வீடுகளுக்கு, முறை வைத்து. ஒரு கட்டுக் கீரைதான் போகும். ஆனால் அந்தக் கட்டு வீட்டுக்குப் போன பிறகு, ‘பள்ளிக்கூடத்துல பிள்ளைய வேலை வாங்குறாங்க’ என்ற பேச்சு எழுவதில்லை. பெற்றோர் அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் நாளுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது. தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. இவை இரண்டும் எங்கள் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன.

நான்காம் விதி, விடுமுறைக்குப் பொறுப்பாளர் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே, எந்த வாரம் எந்த வீடு என்று பெயர் எழுதிவிடுகிறோம். அரையாண்டு விடுமுறையில் காய் பறிப்பவரும் அவரே. அந்த வாரத்துக் காய் அவருக்கே. நீர்பாய்ச்சிக்குக் கொடுத்த பங்கு போலத்தான்.

அடுத்து, பருவம். நம் பள்ளி ஆண்டு ஜூனில் பிறக்கிறது. நம் மழை ஆண்டு புரட்டாசியில் பிறக்கிறது. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஆகவே ஜூனில் நட்டுவிட்டு வெயிலோடு போராடுவதைவிட, மழையின் நாட்காட்டிக்குத் தோட்டத்தை மாற்றிக்கொள்வது நல்லது. எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி சொன்னார்: ‘மண்ணு நனையாம வெத போட்டா எறும்புக்குத்தான் ஆகும் டீச்சர்.’

ஆனி, ஆடியில் சீட்டுக் குலுக்கல், எருக்குழி, மண் வேலை. கை கழுவும் தண்ணீர் எட்டும் இரண்டு பாத்தியில் மட்டும் கீரையும் கொத்தவரையும் போதும். ஆடிக்காற்றில் பந்தல் நிற்காது. ஆவணி நடுவில், அதாவது செப்டம்பர் தொடக்கத்தில், கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றங்கால் விடலாம். ஒரு சாக்கு அகல இடம் போதும். காலாண்டு விடுமுறையில் ஒரே வீடு பார்த்துக்கொள்ளும். அக்டோபரில் பள்ளி திறந்ததும் நடவு. அவரை விதையும் அப்போதே. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். கரிசல் மண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்பதால், வடிகால் வெட்டும் வேலை வரும். மார்கழி, தையில் பறிப்பு. மாசி, பங்குனியில் விதை எடுப்பு. சித்திரை, வைகாசியில் பாத்திகளுக்கு ஓய்வு. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி மட்டும் நிற்கும். கோடையில் பாத்தி காய்ந்து கிடப்பது தோல்வியல்ல; இந்த மண்ணில் விவசாயியும் அப்போது உழுது போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருக்கிறார்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமே இதைக் கொடுங்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு பிள்ளை தட்டும் கையும் கழுவ ஒன்றரை லிட்டர் என்றால், 60 பிள்ளைகளுக்கு 90 லிட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் ஒரு பாத்திக்கு 15 லிட்டர். ஆக, இப்போது சாக்கடைக்குப் போகும் நீர் ஆறு பாத்திக்குச் சரியாகப் போகிறது. ஆடியில் பாத்திகள் குறைவு என்பதால் மிச்சத்தை மரங்களுக்கு விடலாம். சோற்றுப் பருக்கையைச் சல்லடையில் தடுத்து, ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாக விட வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தனியே வாழைக்கு விடலாம். இன்னொரு கணக்கு: 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். 400 மில்லிமீட்டருக்கு 40,000 லிட்டர். இந்த விடை வந்ததும் பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். மழைநீர்ச் சேகரிப்பைப் பற்றி அதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், ‘பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை’ என்பீர்கள். மகரந்தச் சேர்க்கையைப் பூசணிப் பூவில் காட்டுங்கள். ஆண் பூ எது, பெண் பூ எது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளை மறக்காது. பதிவேட்டில் உள்ள எடைகளிலிருந்து சராசரி எடுக்கலாம், வரைபடம் வரையலாம். மடை, கலுங்கு, வரத்துக்கால், பட்டம், பதம் என்று அகராதியில் தேட வேண்டிய சொற்களைத் தாத்தாக்களிடம் கேட்டுத் தொகுத்துவரச் சொல்லுங்கள். அது தமிழ்ப் பாடம்.

மாசியில் எங்கள் பள்ளியில் ஒரு மாலை விதைக்கு ஒதுக்கப்படும். பிள்ளைகள் எடுத்த விதையும், வீடுகளிலிருந்து வரும் விதையும் ஒரே பாயில் வைக்கப்படும். சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதை வரும். சுரைக்குடுக்கையில் சேமித்த கீரை விதையும் வரும். கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள். அன்றைக்கு அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பொட்டலத்தின் மேல் பெயரும் மாதமும் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குள் கற்றுக்கொடுக்கத் தங்களிடமும் ஏதோ இருக்கிறது என்று அந்தப் பாட்டிமார்கள் உணர்கிற நாள் அது. அவர்கள் அடுத்த மாதம் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வருகிறார்கள். கழிப்பறையைப் பற்றியும், வராத பிள்ளையைப் பற்றியும் பேசுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்காரர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. அதற்கு ஊர் மக்களும் பொருள் கொடுத்தார்கள். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அப்போதைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவற்றுக்கு முன்னின்றார். ‘எங்கள் பள்ளி’ என்று ஊர் சொல்லியதுதான் அந்தக் காலத்தின் பெரிய வரவு. இன்று அரசே உணவு தருகிறது. 2022 முதல் காலை உணவும் தருகிறது. நல்லது. ஆனால் ‘எங்கள் பள்ளி’ என்று ஊர் சொல்வதற்கு ஊருக்கும் அதில் ஒரு கைவேலை வேண்டும். ஒரு பாத்தி அதற்குப் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. விதை வாங்குவதற்கு முன்னால், வேலிக்குப் பணம் கேட்பதற்கு முன்னால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பாத்தி யாருடையது? வேலை எப்படிச் சுற்றும்? விளைந்ததில் யாருக்கு எவ்வளவு? விடுமுறையில் யார்? வந்திருப்பவர்கள் அனைவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். அந்தத் தாளைச் சத்துணவுக் கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.