பேர் ஆக்சிஜன், உள்ள என்ன?

மேடவாக்கத்துல இருந்து பேசுறேன். பின்னாடி மெட்ரோ வேலைச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

அடுத்த வாரம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். "கத்தி கூடப் பரவாயில்லடா, மயக்கம் குடுக்கிறதுதான் பயமா இருக்கு"ன்னாங்க. அந்தப் பயம்தான் இன்னைக்கு எபிசோட்.

2011-ல நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரஸ் ஆக்சைடு போயிடுச்சு. கோமாவுக்குப் போனவங்க அடுத்த வருஷம் இறந்துட்டாங்க. பிறகு உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்னது.

யார் தப்புங்கிறது கோர்ட்டோட கேள்வி. என்ஜினியருக்கு வேற கேள்வி: இந்த மாதிரி ஒண்ணு நடக்காம தடுக்க, நடுவுல என்னென்ன இருக்கணும்?

அதுக்கு ஒரு படம் இருக்கு. பேர் போ-டை. 1990-கள்ல எண்ணெய்க் கம்பெனிகள் பரவலாக்கின முறை, இப்போ மருத்துவத்துலயும் வந்துடுச்சு. பேப்பர் எடுத்து நீங்களும் வரைங்க. நடுவுல ஒரு வட்டம்: "நோயாளிக்கு ஆக்சிஜன் போகல". இடது பக்கம் காரணங்கள். வலது பக்கம் விளைவுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் குறுக்கே தடுப்புச் சுவர்கள்.

முதல் காரணம், மெஷின்ல சிலிண்டரை மாத்தி மாட்டுறது. இதுக்கு நல்ல தடுப்பு இருக்கு. ஆக்சிஜனுக்கு 2, 5-வது இடத்துல முள், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. முள் உடையாம இருந்தா ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு உட்காராது.

ரெண்டாவது காரணம், சுவருக்குள்ள பைப்பே மாறிப் போறது. இப்போ முள்ளால பிரயோஜனம் இல்ல. பிரஷர் மீட்டர் சரியாவே காட்டும். ஆக்சிஜன் 25 சதவீதத்துக்குக் கீழ போகாம பார்த்துக்கிற பூட்டும் ஏமாந்துடும், ஏன்னா அது ரெண்டு வாயுவோட ஓட்டத்தைத்தான் ஒப்பிடுது. கோடிங் பாஷையில சொன்னா, எல்லாமே வேரியபிளோட பேரை நம்புது, உள்ள இருக்கிற வேல்யூவைப் பார்க்கல. அதைப் பார்க்கிறது ஆக்சிஜன் அனலைசர். படத்துல நாலு சுவர் தெரியுது, ஆனா இந்தக் கோட்டுல நிக்கிறது ஒண்ணுதான்.

வலது பக்கம் வாங்க. விரல்ல மாட்டின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலறுது. எமர்ஜென்சி சிலிண்டரைத் திறந்தா போதும்னு தோணும். போதாது! சிலிண்டர்ல இருந்து குறைச்சு வர்ற அழுத்தத்தை விட பைப்ல அழுத்தம் அதிகம், அதனால மெஷின் பைப்ல இருந்தே எடுக்கும். சிலிண்டரையும் திறக்கணும், சுவர்ல இருந்து வர்ற குழாயையும் கழட்டணும். பதற்றத்துல இந்த ரெண்டாவது வேலை மறந்துடும். படத்துல தனிக் கட்டமா போட்டு வெச்சா, அதைத் தனியாப் பயிற்சி எடுக்கத் தோணும்.

நேத்து மயக்கவியல் டாக்டர்கிட்ட கேட்டேன்: "மேடம், அனலைசர் செக் பண்ணுவீங்களா?" சிரிச்சாங்க. "தினமும் காலையில முதல் கேஸுக்கு முன்னாடி. வெறும் காத்துல 21 காட்டணும்."

வெளிய வந்ததும் அம்மா கேட்டாங்க, "21-னா பாஸா ஃபெயிலாடா?"

பாஸ்மா.

உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா, இதை நீங்களும் கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.