கம்பளம் அறிந்து கழுவுதல்

(சங்கத்தின் தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அப்பர் சுவாமிகளை நினைக்கும்போது அவர் கையிலுள்ள உழவாரப்படையே முதலில் நம் கண்முன் தோன்றும். திருக்கோயில் முன்றிலிற் புல் செதுக்குவதை அப்பெருமான் தாழ்வாகக் கருதவில்லை. சிரமதானத்தில் நாம் கூட்டி மெழுகுவதையும் தொண்டு என்றே சொல்கிறோம். ஆனால் அதே வேலையைக் கூலிக்குச் செய்பவனைக் கண்டால், "இதற்கு என்ன படிப்பு வேண்டும்?" என்று கேட்கிறோம். கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் கம்பளம் சுத்தம் செய்யும் வேலைக்கு நம் இளைஞர் போகின்றனர். அவர்களுக்குப் படிப்பு வேண்டும் என்று சொல்லவே வந்தேன்.

அப்படிப்பு இல்லாமையால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வேலையிற் சேர்ந்த இரண்டாம் வாரம், ஹோட்டல் அறையொன்றிற் கம்பளத்தில் தேநீர்க் கறை கண்டேன். குளியலறைக்கென வைத்திருந்த குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஊற்றித் தேய்த்தேன். கறை போயிற்று, நிறமும் போயிற்று, நூலும் நைந்து கையோடு வந்தது. மூன்று மாதம் என் சம்பளத்திற் கழித்தார்கள். மூத்த தொழிலாளி ஒருவர் ஏசவில்லை. "தம்பி, அது என்ன நூல் என்று பார்த்தனியோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் இத்தொழிலின் அரிச்சுவடி.

கம்பள நூல்கள் மூன்று குலத்தின. முதலாவது, உயிரினங்கள் தருபவை: ஆட்டு ரோமமும் பட்டும். இரண்டாவது, தாவரங்கள் தருபவை: பருத்தி, சணல், நம் ஊர்த் தும்பு ஆகியன. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் என்னும் செயற்கைப் பட்டும் இக்குலமே. மூன்றாவது, இரசாயனத்தாற் பிறந்தவை: 1935இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் கண்ட நைலோன், பொலியெஸ்ரர், 1954இல் இத்தாலியில் நாட்டா உருவாக்கிய பொலிபுரொப்பிலீன் என்பன.

கண்ணுக்கு இவை ஒன்றுபோலத் தோன்றலாம். நெருப்பு உண்மையைச் சொல்லும். உரியவரிடம் அனுமதி பெற்று, மறைவான மூலையில் ஓரிழை எடுத்து, வெளியே கொண்டுபோய், சாமணத்தாற் பிடித்து, பீங்கான் தட்டின்மேற் கொளுத்துங்கள். ரோமமும் பட்டும் மெல்ல எரிந்து, மயிர் கருகும் நாற்றம் தரும். சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தியும் விஸ்கோசும் கடதாசிபோல் விரைந்து எரியும். செயற்கை நூல்கள் உருகிச் சுருங்கிக் கடினமான மணியாகும். அவற்றுள் பொலிபுரொப்பிலீன் நீரில் மிதக்கும். நைலோனும் பொலியெஸ்ரரும் அமிழும். சில கம்பளங்கள் கலப்பு நூலால் ஆனவை. ஆகையால் ஓரிழையோடு நின்றுவிடாதீர்கள்.

குலம் தெரிந்தபின் மருந்து தெரியும். ரோமத்துக்கும் பட்டுக்கும் குளோரினும் கடுங்காரமும் நஞ்சு. மென்மையான சவர்க்காரக் கரைசலும் மிதமான சூடுமே போதும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும்; அழுத்தித் தேய்க்கலாகாது. சணலை மிகையாக நனைத்தாற் பழுப்பேறும். பொலிபுரொப்பிலீன் நீரை உறிஞ்சாது. ஆனால் எண்ணெய் அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும், சூடும் ஆகாது. எந்த நூலாயினும், கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியை மறைவிடத்தில் அழுத்திப் பாருங்கள். துணியிற் சாயம் ஏறினால் அக்கரைசலை விட்டுவிடுங்கள்.

இனி இயந்திரங்கள். முதலில் உலர்ந்த தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தூசியோடு நீர் சேர்ந்தாற் சேறாகும். சுழல்தூரிகை இயந்திரத்தைப் பலத்தால் ஆட்ட முடியாது. பெரும்பாலானவற்றிற் கைபிடியைச் சற்று உயர்த்தினால் வலப்பக்கமும், தாழ்த்தினால் இடப்பக்கமும் போகும். முதலில் வெறுஞ் சீமெந்துத் தரையிற் பழகுங்கள். நீர் பாய்ச்சி உறிஞ்சும் இயந்திரத்தில், ஒருமுறை நீர் விட்டால் இருமுறை வெறுமனே உறிஞ்சுங்கள். ஒரு நாளுக்குள் கம்பளம் உலராவிட்டாற் பூஞ்சணம் பிடிக்கலாம். அழுக்குநீர்த் தொட்டியில் நுரை பொங்க விட்டால் அது மோட்டருக்குள் ஏறிப் பழுதாக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். ஈரத்தில் நின்று 230 வோல்ற்று மின்சாரத்தைக் கையாளுகிறீர்கள். வயரில் வெடிப்பு உண்டா, புவித்தொடுப்பு உண்டா, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்க்காமற் தொடங்காதீர்கள். வயரை இயந்திரத்துக்குப் பின்னே வைத்திருங்கள். தூரிகை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வெளிற்றும் திரவத்தோடு அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும், "ஐயா, முதலிற் பார்க்கிறேன்" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள். அது சோம்பல் அன்று, தொழிலறிவு.

பெரியோர்களே, பிள்ளை இத்தொழிலுக்குப் போகிறான் என்றால் வெட்கப்படாதீர்கள். பழகிப் போகிறானா என்று விசாரியுங்கள். பழகிய கைகள் நம் சங்கத்திலேயே சில உண்டு. சனிக்கிழமை மாலைகளில் இம்மண்டபத்திற் பழைய துண்டுக் கம்பளங்களை வைத்துக் கற்றுக்கொடுக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். எனக்கு மூன்று மாதச் சம்பளம் செலவான பாடத்தைத் தம்பிமார் இலவசமாகப் படிக்கட்டும்.