அருகன் என்னும் சொல்

(கொட்டிவாக்கத்தில் நிகழ்ந்த மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஜைன இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் திருப்பெயர் அருகன். அருகில் இருப்பவன் என இதற்குப் பொருள் கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அது பொருந்தாது. 'அர்ஹ்' என்னும் வடமொழி வினைவேர் தகுதியுடைமையைக் குறிக்கும். அதன் நிகழ்கால வினையடியாய்ப் பிறந்த பெயர் 'அர்ஹத்'. எழுவாய் ஒருமையில் 'அர்ஹன்' என நிற்கும். தகுதியுடையவராய் விளங்குபவர் என்பது பொருள்.

இச்சொல் தமிழுக்கு வந்த வழியைச் சமண முனிவர் பவணந்தியாரின் நன்னூலே காட்டுகிறது. ரகரத்தின்பின் உகரம் தோன்றும். இடையில் வரும் ஹகரம் ககரமாகும். தர்மம் தருமமானது போலவும், மோஹம் மோகமானது போலவும், அர்ஹன் அருகன் ஆயிற்று. பன்மையில் அருகர் என வழங்கும்.

பிராகிருதத்தில் அரஹந்த, அரிஹந்த என இருவகை வடிவங்கள் உள்ளன. பின்னதை 'அரி', 'ஹந்த' எனப் பிரித்து, பகையை அழித்தவர் என உரைகாரர் விளக்குவர். பகை என்றது காதி வினைகள் நான்கையே. பஞ்ச நமஸ்காரத்தில் இச்சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நின்று, நான்காம் வேற்றுமைப் பொருள் தரும். ஆதலின் அவ்வணக்கம் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. அந்நிலை எய்திய அனைவர்க்கும் உரியது.

அருகன் நெறி நிற்போர் ஆருகதர். வடமொழித் தத்தித முறைப்படி முதல் அகரம் நீண்டு பிறந்த பெயர் இது. பிறப்பால் வந்த பெயராக இதைக் கொள்ளுதல் எளிது. இதன் வேரோ தகுதியைக் கேட்கிறது. கொல்லாமையும் வாய்மையும் நாள்தோறும் காக்கப்படும் இல்லத்தில்தான் ஆருகதர் என்னும் பெயர் பொருளுடையதாகும்.

வெல்க அருகர் நெறி!