நூலகக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே சூடாகிறதா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நூலக அறைக் கம்ப்யூட்டரில் பிராசசர் வெப்பம் 80 டிகிரி காட்டுகிறது, புதிது வாங்கிவிடலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். சங்கப் பணம் ஆயிற்றே, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று செயலாளரும் நானும் உட்கார்ந்தோம்.

அதில் இருப்பது உபுண்டு லினக்ஸ். டெர்மினலைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று கட்டளை கொடுத்தோம். ஒரே பிராசசருக்கு இரண்டு வரிகள் வந்தன. 'டிசிடிஎல்' 80, 'டிடை' 60. சரியாக 20 டிகிரி வித்தியாசம்.

காரணம் இதுதான். நம்முடையது ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ். அந்த மாடலில் டிசிடிஎல் என்பது ஃபேன் வேகத்தை முடிவு செய்வதற்கான எண். உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டித்தான் அது வரும். 2017இல் ஏஎம்டி நிறுவனமே இதைச் சொல்லியிருக்கிறது. உண்மை வெப்பம் டிடைதான். திரையின் மேல்பட்டையில் தவறான வரியைத் தேர்வு செய்து வைத்திருந்தோம். மாற்றிவிட்டோம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, 'எல்லா எண்ணும் பொய்தான்' என்று போய்விடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தவன். என் பழைய இன்டெல் லேப்டாப் 97 காட்டியபோது, சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டேன். மகளின் ஆன்லைன் தேர்வின் நடுவே அது தானாக அணைந்தது. திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கத் தூசி. சுத்தம் செய்ததும் எண் இறங்கிவிட்டது. இன்டெல் சென்சார் உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் அளக்கிறது. குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் தவறலாம்; வரம்பை நெருங்கும்போது நம்பத்தான் வேண்டும்.

வீட்டில் நீங்களே பார்க்க மூன்று வழிகள். ஒன்று, சாதாரண ஃபேன் உள்ள பிராசசர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. 32 டிகிரி அறையில் 18 காட்டினால் அது தவறு. இரண்டு, மைனஸிலோ 127இலோ அசையாமல் நிற்கும் வரி பெரும்பாலும் மதர்போர்டில் எதோடும் இணைக்காத சென்சாருடையது. மூன்று, பெரிய வீடியோ ஒன்றை ஓட்டிப் பாருங்கள். வேலை கூடும்போது எண்ணும் ஏற வேண்டும், நிறுத்தினால் இறங்க வேண்டும்.

எண் சரியாக இருந்து, அது 90க்கு மேலேயே நின்றால், முதலில் தூசியைத் தட்டுங்கள். புதிது வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.