பன்னிரண்டு லாரி, எட்டு லாரி வேலை

தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வர்ற முக்கியமான இடங்கள்ல ஒண்ணு ஒடிசாவின் தால்சேர். அங்கிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், பிறகு கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி. இந்த நீண்ட பயணத்தில் நாம கவனிக்காத துண்டு ஒண்ணு இருக்கு. சுரங்கத்துக்கும் ரயில் சைடிங்குக்கும் நடுவுல டிப்பர் லாரிகள் ஓடுற சில கிலோமீட்டர். செலவும் புகையும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே முட்டிக்குதுன்னு அங்கே தெளிவாத் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு லாரியை நிரப்ப 4 நிமிஷம். நிரப்பி, போய், கொட்டி, திரும்பி வர மொத்தம் 32 நிமிஷம். அப்போ 8 லாரி இருந்தாலே நிரப்புற இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடும். 12 லாரி விட்டால்? நிலக்கரி ஒரு டன் கூடக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு லாரியும் 16 நிமிஷம் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். அதாவது எந்நேரமும் 4 லாரி சும்மா உறுமிக்கிட்டு நிற்குது. மணிக்கு 2 லிட்டர் டீசல்னு வெச்சாலும், 20 மணி நேரத்தில் 160 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நாளைக்கு 430 கிலோ, எதையும் சுமக்காமலே!

இதில் செலவும் புகையும் ஒரே பக்கம். வழியில் ஏதாவது தாமதம் ஆகும்னு ஒரு லாரி கூடுதலா வெச்சுக்கலாம், 9 போதும். பிறகு ஏன் குறைக்கிறதில்லை? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துட்டு, கடன் வாங்கி டிப்பர் போட்ட குடும்பங்கள் உண்டு. அவங்களுக்கு அந்த வரிசையில் நிற்கிற இடம்தான் மாதத் தவணை. கம்ப்யூட்டர் "8 போதும்"னு சொல்லிடும். மீதி நாலு வீட்டுக்கு யார் பதில் சொல்றது? எனக்குச் சரின்னு படுறது, 12 பேருக்கும் முறை வெச்சு, போனில் நேரம் சொல்லிக் கூப்பிடுறது. அதுவரை இன்ஜினை அணைச்சிட்டு யார்டில் நிற்கட்டும். டிரிப் கணக்குக் கூலியா இருந்தா, காத்திருக்கிற நேரத்துக்கும் ஏதாவது கொடுத்தாகணும். இல்லைன்னா விட்டதைப் பிடிக்க டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், அந்த ரோட்டில் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது.

முட்டிக்கிற இடம் பழைய வண்டி. கடன் முடிஞ்ச லாரிதான் குறைஞ்ச ரேட்டுக்கு டெண்டர் எடுக்கும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டியில் புகைத்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் நல்லாவே குறையும். ஆனா டீசல் எரியுற வரைக்கும் கார்பனில் பெரிய மாற்றம் இருக்காது. மின்சார லாரி வந்தா ரோட்டோர வீடுகளுக்கு உடனே நிம்மதி. அதுக்குச் சார்ஜ் ஏத்துற மின்சாரம் நிலக்கரியில் வந்தா, கார்பன் லாபம் பாதியிலேயே கரைஞ்சிடும். அதனால "மாசு குறையுது"ன்னு யாராவது சொன்னா, எந்த மாசுன்னு கேளுங்க.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டிலேயே மின்நிலையத்துக்குப் போகுது. கோல் இந்தியாவும் இப்போ சுரங்கங்களில் பெல்ட், சைலோ போட்டுக்கிட்டு வருது. முதலீடு பெரிசு. பல வருஷம் ஓடப்போற சுரங்கத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும். சீக்கிரம் மூடப்போற குழிக்கு லாரிதான். அங்கே இந்த வரிசைக் கணக்கை இன்னைக்கே போடலாம், ஒரு கடிகாரமும் நோட்டும் போதும்.