உலகம் உண்டான கதையும் ஒரு உபாத்தியாயர் வழக்கும்



உலகம் உண்டானதைப்பற்றிக் கிருஸ்தவ மதம் சொல்வதற்கும் விஞ்ஞானம் சொல்வதற்கும் சண்டை உண்டா என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறார். நாம் வியாக்கியானம் செய்வதைவிட, நடந்த வழக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் 1925-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஒரு சட்டம் செய்தார்கள். மனிதனைக் கடவுள் சிருஷ்டித்தார் என்ற பைபிள் கதையை மறுத்து, அவன் கீழ்ப்பிராணிகளிலிருந்து வந்தவன் என்று சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். வேடிக்கை என்னவென்றால், சர்க்கார் அங்கீகரித்த ஜீவசாஸ்திரப் பாடப்புத்தகத்திலேயே அந்த விஷயம் அச்சாகியிருந்தது! புத்தகத்தை வாங்கச் சொல்வதும் அவர்கள், படித்துக் காட்டினால் பிடிப்பதும் அவர்கள்.

டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது உபாத்தியாயர் மீது வழக்கு வந்தது. ஊருக்குப் பேர் வரட்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் சிலரே இதற்கு ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. சர்க்கார் பக்கம், ஜனாதிபதி பதவிக்கு மூன்று தடவை நின்று தோற்ற பிரையன். உபாத்தியாயர் பக்கம் டாரோ என்ற வக்கீல். விஞ்ஞானிகள் சாட்சி சொல்ல வந்தார்கள். ஜூரிகள் அதைக் கேட்கக் கூடாதென்று ஜட்ஜு தடுத்துவிட்டார். டாரோ என்ன செய்தார்? பிரையனையே சாட்சியாகக் கூப்பிட்டார்! ஜூலை 20-ந் தேதி கோர்ட்டு வெளியே புல்தரையில் கூடிற்று. சூரியன் நாலாம் நாள்தானே உண்டாயிற்று, அதற்கு முந்திய நாட்களில் சாயங்காலமும் காலையும் எப்படி வந்தன என்று கேட்டார். அந்த நாள் 24 மணி நேர நாளல்ல, ஒரு நீண்ட காலம் என்றார் பிரையன். லட்சக்கணக்கான வருஷமாகவும் இருக்கலாமாம்!

தோழர்களே! நாள் என்றால் நாளல்ல என்று சொல்லப் பிரையனுக்கு உரிமை உண்டு. மண்ணால் பிசைந்த மனிதன் என்பது உண்மையல்ல என்று பள்ளிக்கூடத்தில் ஒரு உபாத்தியாயர் சொன்னால் மாத்திரம் அபராதமா?

ஜூரிகள் ஒன்பது நிமிஷத்தில் குற்றவாளி என்றார்கள். அபராதம் 100 டாலர். அதை ஜூரிகள் போடாமல் ஜட்ஜு போட்டது பிசகு என்று 1927-ல் மேல்கோர்ட்டு தண்டனையைத் தள்ளிற்று, சட்டத்தைத் தொடவில்லை. அது 1967 வரை உயிரோடிருந்தது. அந்த 42 வருஷத்தில் எத்தனை உபாத்தியாயர்கள் அந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டித் தள்ளியிருப்பார்களோ!

எல்லாக் கிருஸ்தவர்களும் பிரையன் கட்சி என்று நாம் சொல்லவில்லை. மனித உடல் முந்திய பிராணியிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆத்மாவை மட்டும் கடவுளே நேரில் படைக்கிறார் என்று 1950-ல் போப்பே எழுதினார். தராசில் வைக்கக்கூடியதை விட்டுக்கொடுத்து, வைக்கமுடியாததை வைத்துக்கொண்டார்!

ஸ்கோப்ஸ் வைத்திருந்த பாடப்புத்தகமும் யோக்கியமானதல்ல. மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து வெள்ளைக்காரரை உச்சியில் வைத்தது அது. பிற்கால ஆராய்ச்சி அந்தப் பொய்யைத் தள்ளிவிட்டது. அதற்குப் புது வியாக்கியானம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தப்பு என்று சொன்னால் போதுமாயிருந்தது.

அந்த உபாத்தியாயர் பிறகு என்ன ஆனார் என்றும் சீட்டில் கேட்டிருக்கிறது. அவர் சிக்காகோ போய் பூகர்ப்ப சாஸ்திரம் படித்து, எண்ணெய்க் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். பூமிக்கு வயது சுமார் 454 கோடி வருஷம் என்பது இன்றைய கணக்கு. உலகம் கி.மு. 4004-ல் உண்டாயிற்று என்ற அஷர் பாதிரியாரின் கணக்கை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியும் எண்ணெய்க் கிணறு தோண்டியதாக நாம் கேள்விப்படவில்லை.