சிறு துளையும் நெடும் பயிற்சியும்



கல்வி என்றவுடன் ஏட்டையும் எழுத்தையுமே நாம் நினைக்கின்றோம். கையினாற் கற்க வேண்டிய கல்வியும் உண்டு. சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிறு துளைகள் வழியாகச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்கள் பெறும் பயிற்சி அத்தகையது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிந்து பயன்பெறத்தக்க செய்திகள் அதிற் பல உள.

1869ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில், குஸ்தாவ் சைமன் என்னும் நிபுணர் ஒரு பெண்மணியின் சிறுநீரகம் ஒன்றைத் திட்டமிட்டு அகற்றினார், அவர் உயிர்பிழைத்தார். அதற்கு முன்னரே சைமன் நாய்களில் அதனைப் பன்முறை செய்து பழகியிருந்தார். பின்னர் 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், றால்ஃப் கிளேமன் குழுவினர் கட்டியுற்ற சிறுநீரகமொன்றைச் சிறு துளைகள் வழியே முதன்முதலாக அகற்றினர். அதற்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் சென்றது.

இம்முறையினால் நோயாளிக்கு நோவு குறைகிறது. அவர் விரைவில் வீடு திரும்புகிறார். வைத்தியருக்கோ சுமை கூடுகிறது. அவர் உறுப்பை நேரே காண்பதில்லை, திரையிலே காண்கிறார். துளையிற் பொருந்திய நீண்ட கருவியின் பிடியை வலப்புறம் அசைத்தால், அதன் நுனி இடப்புறம் செல்லும். விரல் உணரும் தொடுகையும் மங்கிவிடுகிறது. ஆதலால், திறந்த சத்திரசிகிச்சையிற் கைதேர்ந்தவரும் இங்கே மீண்டும் மாணவராகவே தொடங்க வேண்டும்.

கட்டி சிறிதாயின், இயன்றவரை அதனை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தைக் காப்பதே இன்றைய முறை. அப்பொழுது இரத்தக்குழாயைச் சிறிது நேரம் கவ்வி அடைப்பதுண்டு. பொதுவாக 25 அல்லது 30 நிமிடங்களுக்குள், கட்டியில் எச்சமின்றி வெட்டியெடுத்து, காயத்தையும் தைத்து முடிக்க முயல்வர். தாமதம் நீண்டால், காக்க எண்ணிய உறுப்பே நலிந்துவிடக்கூடும். இயந்திரக் கரங்கள் தையலை எளிதாக்கியுள்ளன. எங்கே வெட்டுவது என்னும் தீர்ப்போ மனிதருடையது.

இத்திறனை நோயாளியின் உடலிலே முதன்முதலாகப் பழகுவது முறையாகுமா? ஆகாது. எனவே, மாணவர் முதலில் ஒரு பெட்டிக்குள்ளே சிறு பொருள்களை இடம் மாற்றவும், துணியை வட்டமாக வெட்டவும், முடிச்சிடவும் பழகுகிறார். பின்னர் கணினி மாதிரிகளிலும் விலங்கின் சிறுநீரகத்திலும் பயில்கிறார். அதன்பின் சத்திரசிகிச்சைக் கூடத்திலே கமெராவைப் பிடித்துத் துணைநிற்கிறார். எளிய படிகளைச் செய்தபின்னரே கடினமானவற்றைப் பெறுகிறார். ஆசான் அருகிலிருந்து, வேண்டியபோது பொறுப்பைத் தாமே ஏற்கிறார். இத்தனை சிகிச்சைகள் செய்தார் என்னும் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு படியிலும் தேர்ச்சி காணப்பட வேண்டும்.

இப்பயிற்சியின் உயர்ந்த பாடம் ஒன்றுண்டு. இரத்தப்பெருக்கு அடங்காவிடின், துளைவழியைக் கைவிட்டு உடனே வயிற்றைத் திறக்கத் துணிய வேண்டும். அதனைத் தோல்வியென்று கருதாத மனத்தையும் ஆசான் மாணவருக்கு அளிக்க வேண்டும். கருவியை விலைகொடுத்து வாங்கலாம். இம்மனப்பக்குவத்தை அளிக்க நல்லாசிரியரும் போதிய காலமும் வேண்டும். மயக்கத்திலே கிடக்கும் நோயாளி நம்பியிருப்பது அவ்விரண்டையுமே.